மடங்கிய கையைத் திறப்பது எப்படி? பக்கவாதத்துக்குப் பிந்தைய தசை இறுக்கத்துக்கு ஒரு வழிகாட்டி

பக்கவாதம் வந்தவர் ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பும்போது அவருடைய கை பெரும்பாலும் தொளதொளவென்று தொங்கிக்கொண்டிருக்கும். சில வாரங்களோ சில மாதங்களோ கழித்து ஒரு நாள் முழங்கை லேசாக மடங்கும், விரல்கள் உள்ளே சுருளும். கைக்கு உயிர் வந்துவிட்டது என்று வீடே மகிழும். அதில் பாதி உண்மை. மீதிப் பாதி போகப் போகத் தெரியவரும். தோள் மார்போடு ஒட்டிக்கொள்ளும், மணிக்கட்டு கவிழ்ந்துவிடும், கட்டைவிரலை உள்ளே வைத்து மற்ற நான்கு விரல்களும் பூட்டிக்கொள்ளும்.

நான் வீடு வீடாகப் போய் பிசியோதெரபி கொடுப்பவள். புதிதாக ஒரு வீட்டுக்குள் நுழைந்ததும் என்னிடம் கேட்கப்படும் முதல் கேள்வி, "கை எப்போது பழையபடி ஆகும்?" நான் திருப்பிக் கேட்பது வேறு: "கை இறுகியிருப்பதால் இன்றைக்கு எந்த வேலை நின்றுபோயிருக்கிறது?" நகம் வெட்ட முடியவில்லையா, சட்டை மாட்ட முடியவில்லையா, இரவில் வலி தூங்க விடவில்லையா? இந்தப் பதில் கிடைக்காமல் தொடங்கும் சிகிச்சையில் பணமும் போகும், பொறுமையும் போகும்.

முதல் வேலை: எந்த வகை இறுக்கம் என்று பாருங்கள்

தசையை யாராவது சட்டென்று நீட்டினால் அது திருப்பி இழுத்துக்கொள்ளும். இது எல்லோர் உடம்பிலும் இருக்கும் அனிச்சைச் செயல். மூளை இதை எப்போதும் கட்டுக்குள் வைத்திருக்கிறது. பக்கவாதம் அந்தக் கட்டுப்பாட்டு வழியை அறுத்துவிடுவதால், தண்டுவடம் தன் போக்கில் தசைக்கு "இழு, இழு" என்று சொல்லிக்கொண்டே இருக்கிறது. அதனால்தான் இந்த இறுக்கம் வேகத்தைப் பொறுத்து மாறுகிறது. வேகமாக நீட்டினால் பிடித்துக்கொள்ளும், மெதுவாக நீட்டினால் இடம் கொடுக்கும்.

நீங்களே பார்க்கலாம். நோயாளியைப் படுக்க வைத்து, முழங்கைக்கு மேலே ஒரு கையாலும் மணிக்கட்டுக்கு அருகில் மறு கையாலும் தாங்கி, பத்து வரை எண்ணும் நேரத்தில் மெதுவாக முழங்கையை நீட்டுங்கள். எங்கே நிற்கிறது என்று நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பிறகு சற்று வேகமாக, ஆனால் முரட்டுத்தனம் இல்லாமல், அதே அசைவைச் செய்யுங்கள். நடுவழியில் "டக்" என்று ஏதோ பிடித்துக்கொள்வது போல உணர்ந்தால் அதுதான் நரம்பு சார்ந்த தசை இறுக்கம். மருந்துக்கும் ஊசிக்கும் கட்டுப்படக்கூடியது அது. எவ்வளவு மெதுவாக நீட்டினாலும் அதே இடத்தில் சுவரில் முட்டியது போல நின்றுவிட்டால், தசையும் மூட்டும் சுருங்கிக் குறுகிவிட்டன என்று பொருள். அதற்கு ஊசி போட்டுப் பயனில்லை. பெரும்பாலான கைகளில் இரண்டும் கலந்தே இருக்கும்.

டாக்டர் சீட்டில் 'ஆஷ்வொர்த்' என்று எழுதி 1, 1+, 2 என்று எண் போட்டிருந்தால் அது இந்தச் சோதனையின் மதிப்பெண்தான். 0 என்றால் இறுக்கமே இல்லை, 4 என்றால் மூட்டு அசையாமல் விறைத்திருக்கிறது. அந்த எண் குறைய வேண்டும் என்று தவம் கிடக்காதீர்கள். 3 இருந்தும் நிம்மதியாக வாழ்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன்.

கையை விட்டுவிட்டு மற்ற இடங்களைத் தேடுங்கள்

நேற்றுவரை சுமாராக இருந்த கை இன்று திடீரென்று இரும்பாகிவிட்டதா? காரணம் பெரும்பாலும் கையில் இருக்காது. மலச்சிக்கல், சிறுநீர்த் தொற்று, படுக்கைப் புண், காய்ச்சல், தோள் வலி, இறுக்கமான நாடா, குளிர் என்று உடம்பில் எங்கே உபத்திரவம் இருந்தாலும் அது பாதிக்கப்பட்ட பக்கத்துத் தசைகளில் இறுக்கமாக வெளிப்படும். பேச்சு இழந்தவர்களுக்கு இதுதான் ஒரே புகார் மனு.

ஒரு பெரியவருக்குக் கை ஒரே வாரத்தில் மார்போடு ஒட்டிக்கொண்டது. மாத்திரையைக் கூட்டலாமா என்று பேசிக்கொண்டிருந்தார்கள். போர்வையை விலக்கிப் பார்த்தால் காலின் பெருவிரல் நகம் சதைக்குள் வளர்ந்து சீழ் வைத்திருந்தது. நகத்தைச் சரிசெய்த சில நாட்களில் கை பழைய நிலைக்குத் திரும்பியது. வாரக்கணக்கில் கையையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்த கூட்டத்தில் நானும் இருந்தேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

கையை எங்கே வைப்பது

தோளில் தொடங்குங்கள். பக்கவாதம் வந்த தோளில் மூட்டைப் பிடித்து வைத்திருக்கும் தசைகள் வலுவிழந்திருக்கும். கையைப் பிடித்து இழுத்தால் எலும்பு கிண்ணத்திலிருந்து சறுக்கும், வலி வரும், வலி வந்தால் இறுக்கம் கூடும். ஆகவே எழுப்பி உட்கார வைக்கும்போது கையையோ அக்குளையோ பிடித்துத் தூக்கவே கூடாது. இடுப்பையும் தோள்பட்டையின் பின்புறத்தையும் பிடியுங்கள். கூரையில் கயிறும் கப்பியும் மாட்டி, நல்ல கையால் இழுத்து மற்றக் கையைத் தலைக்கு மேலே தூக்கும் பயிற்சியை இன்னமும் சில வீடுகளில் பார்க்கிறேன். பக்கவாதத் தோளுக்கு அது வேண்டாம். கழற்றி வைத்துவிடுங்கள்.

உட்கார்ந்திருக்கும்போது கை மடியில் கிடக்கக் கூடாது. முன்னால் மேசையோ மடியில் தலையணையோ வைத்து, முழங்கை முதல் விரல் நுனிவரை அதன் மேல் இருக்கட்டும். மல்லாந்து படுக்கும்போது தோள்பட்டைக்கு அடியிலிருந்தே தலையணை தொடங்க வேண்டும். முன்னங்கைக்கு மட்டும் வைத்தால் தோள் பின்னால் சரிந்துவிடும். பாதிக்கப்பட்ட பக்கம் ஒருக்களித்துப் படுப்பதில் தவறில்லை. தோளை முன்பக்கம் கொண்டுவந்து, அது உடம்புக்கு அடியில் மாட்டிக்கொள்ளாமல் பார்த்துக்கொண்டால் போதும்.

சட்டை போடும்போது முதலில் பாதிக்கப்பட்ட கை, கழற்றும்போது கடைசியாக அந்தக் கை. இந்த ஒரு வரிசை தெரிந்தால் காலையில் நடக்கும் பாதி மல்யுத்தம் குறையும். அக்குளைக் கழுவ இன்னொரு எளிய வழி: உறுதியான நாற்காலியில் உட்கார வைத்து, ஒருவர் முன்னால் நின்று தாங்கிக்கொள்ள, உடம்பை மெல்ல முன்னால் குனிய வையுங்கள். கை தன் எடையிலேயே உடம்பைவிட்டு விலகித் தொங்கும். அந்த இடைவெளியில் துடைத்துவிடலாம், இழுக்கவே வேண்டாம்.

விரல்களைத் திறந்து கழுவுவது

இதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன், ஏனென்றால் அதிகத் தவறு நடப்பது இங்கேதான். எல்லோரும் விரல் நுனியைப் பிடித்துப் பிரிக்கிறார்கள். விரல் இன்னும் இறுகும், நுனி மூட்டு பின்னால் வளைந்து நோகும், நோயாளி முகத்தைத் திருப்பிக்கொள்வார், அடுத்த நாள் தண்ணீர்க் கிண்ணத்தைக் கண்டாலே கை மடங்கும்.

கையை மேசையில் தலையணை மேல் வையுங்கள். கிண்ணத்தில் வெதுவெதுப்பான நீர். சூட்டை உங்கள் முழங்கையிலோ அவருடைய நல்ல கையிலோ பாருங்கள். பாதிக்கப்பட்ட கையில் உணர்ச்சி குறைந்திருக்கலாம். அது சுட்டுக்கொண்டாலும் சொல்லாது. வெந்நீர்ப் பையால் கொப்புளம் வந்த கைகளை நான் பார்த்திருக்கிறேன்.

இப்போது மணிக்கட்டை நிமிர்த்தாதீர்கள். அது ஏற்கெனவே கவிழ்ந்திருக்கும் திசையிலேயே இன்னும் கொஞ்சம் மெதுவாக மடக்குங்கள். வேடிக்கையாக இருக்கும், ஆனால் விரல்கள் தாமாகவே சற்றுத் தளரும். விரல்களை மடக்கும் தசைநாண்கள் மணிக்கட்டைத் தாண்டித்தான் போகின்றன. மணிக்கட்டு மடங்கினால் அவற்றுக்கு நீளம் மிச்சமாகிறது, அவ்வளவுதான் சூட்சுமம். உங்கள் கையிலேயே செய்து பாருங்கள்: முஷ்டியை மூடிக்கொண்டு மணிக்கட்டை முழுவதும் மடக்கினால் பிடி நழுவும்.

அடுத்து கட்டைவிரல். அதன் நுனியைத் தொடாமல், அடியில் மேடாக இருக்கும் சதையோடு சேர்த்துப் பிடித்து வெளிப்பக்கம் நகர்த்துங்கள். கட்டைவிரல் வெளியே வந்துவிட்டால் மற்ற விரல்களின் பிடிவாதம் பாதியாகிவிடும். பிறகு சுண்டுவிரல் பக்கமிருந்து உங்கள் விரலை உள்ளங்கைக்குள் நுழைத்து, ஒவ்வொரு விரலாக அடி மூட்டிலிருந்து தாங்கித் திறங்கள். இறுகினால் இழுக்காமல் அப்படியே நில்லுங்கள். பத்து, பதினைந்து நொடியில் தசை தானாக விட்டுக்கொடுக்கும். பழைய வேட்டித் துணியை நனைத்து விரல் இடுக்குகளைத் துடையுங்கள். ஈரம் ஒரு துளிகூட இல்லாமல் உலர்த்துங்கள். உள்ளங்கையில் நகம் பதிந்த தடம், வெள்ளையாக ஊறிய தோல், புளித்த வாடை இருக்கிறதா என்று பாருங்கள். நகத்தை ஒட்ட வெட்டி, அரத்தால் முனை மழுக்குங்கள்.

கடைசியாக, விரல்களை நீட்டிய நிலையிலேயே பிடித்துக்கொண்டு மணிக்கட்டை மெல்ல நிமிர்த்துங்கள். தடை தெரியும் இடத்தில் அரை நிமிடம் நிறுத்தி, விட்டு, மூன்று நான்கு முறை. தினமும் காலையில் ஒன்று, மாலையில் ஒன்று. முடிந்ததும் உள்ளங்கையில் உலர்ந்த துணிச் சுருள் ஒன்றை வைக்கலாம். மிருதுவான பந்தைக் கொடுத்து "அழுத்து, அழுத்து" என்று சொல்லும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். மூடிக்கொள்ள அந்தக் கைக்கு யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை. திறக்கத்தான் தெரியவில்லை.

இந்த நீட்டல் பயிற்சியால் மட்டும் இறுக்கம் தீர்ந்துவிடும் என்று நான் சொல்லமாட்டேன். இதுவரை நடந்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள், நீட்டிப் பிடிப்பதாலோ விரல்களை நீட்டி வைக்க இரவில் கட்டும் பட்டையாலோ (ஸ்பிளிண்ட்) மூட்டின் அசைவு பெரிதாகக் கூடுவதில்லை என்றே சொல்கிறார்கள். ஆனால் உள்ளங்கை சுத்தமாக இருக்கிறது, வலி குறைகிறது, கையைத் தொட்டால் பயப்படாத பழக்கம் வருகிறது. அதற்காகவே செய்யச் சொல்கிறேன். பட்டை கட்டினால் முதல் நாள் அரை மணி நேரத்துக்குள் கழற்றித் தோல் சிவந்திருக்கிறதா என்று பாருங்கள். எண்ணெய் தேய்ப்பதும் அப்படித்தான். மெதுவாக, தோளை இழுக்காமல் தேய்த்தால் சுகம். 'நரம்பை எடுத்துவிடுகிறேன்' என்று முறுக்குகிறவரிடம் கையைக் கொடுக்காதீர்கள்.

மாத்திரை

பேக்லோஃபென், டைஜானிடின் என்ற இரண்டு பெயர்களே அதிகம் காதில் விழும். இவை கைக்கு மட்டும் போகும் மருந்துகள் அல்ல, உடம்பு முழுவதும் தளர்த்தும். நல்ல காலும் தளரும், தூக்கம் வரும், நடக்கும்போது விழலாம். கையில் மட்டும் இறுக்கம் இருப்பவருக்கு நான் மாத்திரையை அவ்வளவாக விரும்புவதில்லை. கை, கால் இரண்டிலும் இறுக்கம், இரவில் இழுப்பு என்று இருந்தால் பயன் உண்டு.

இரண்டு எச்சரிக்கைகள். பேக்லோஃபெனை ஒரேயடியாக நிறுத்தக் கூடாது. வலிப்பும் பிரமையும் வரலாம். ஊருக்குப் போகும்போது மாத்திரை டப்பாவை மறந்துவிட்டுப் போனவர்களுக்கு இது நடக்கிறது. சிறுநீரகக் கோளாறு இருந்தால் அந்த மருந்து உடம்பில் தேங்கும். அதை டாக்டரிடம் முன்கூட்டியே சொல்லுங்கள். டைஜானிடின் எடுப்பவருக்கு சிப்ரோஃப்ளாக்சசின் சேரவே கூடாது. ரத்த அழுத்தம் ஆபத்தாக இறங்கும். சிறுநீர்த் தொற்றுக்குப் பலமுறை எழுதித்தரப்படுவது அதே சிப்ரோஃப்ளாக்சசின்தான். தொற்றால் இறுக்கம் கூடுகிறது, இறுக்கத்துக்கு ஒரு மாத்திரை, தொற்றுக்கு ஒரு மாத்திரை, இரண்டும் ஒரே சீட்டில். மருந்துச் சீட்டை எந்த டாக்டரிடம் போனாலும் கையோடு கொண்டுபோங்கள்.

ஊசி

போட்டுலினம் நச்சு ஊசி. ஆம், முகச் சுருக்கத்துக்குப் போடும் அதே ஊசிதான். ஒரு பாக்டீரியா சுரக்கும் கொடிய நஞ்சை மிக மிகச் சிறிய அளவில் தசைக்குள் செலுத்துகிறார்கள். நரம்பு தசைக்குக் கட்டளை அனுப்பப் பயன்படுத்தும் அசிட்டைல்கோலின் என்ற வேதிப்பொருளை அது வெளியேறாமல் தடுக்கிறது. அந்தத் தசை மட்டும் தளரும். மாத்திரையைவிட இதன் பெரிய சாதகம் இதுதான். பக்கவாதக் கைக்கு இந்த ஊசியைப் பயன்படுத்த அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2010-இல் ஒப்புதல் தந்தது.

எதிர்பார்ப்பைச் சரியான இடத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பிரிட்டனில் 333 பேரிடம் நடந்து 2011-இல் வெளியான ஆய்வு ஒன்றில், ஊசியும் பயிற்சியும் பெற்றவர்களுக்கு இறுக்கம் குறைந்தது, உடை மாற்றுவது, கையைச் சுத்தம் செய்வது எளிதானது. ஆனால் கையால் தாமாகப் பொருளை எடுத்து வேலை செய்யும் திறனில் பயிற்சி மட்டும் பெற்றவர்களைவிடப் பெரிய வித்தியாசம் இல்லை. ஆக, விரல்கள் திறந்தால் போதும், நகம் வெட்ட வேண்டும், வலி குறைய வேண்டும் என்றால் நல்ல வழி. டம்ளரை எடுத்துத் தண்ணீர் குடிக்க வேண்டும் என்றால், இறுக்கத்துக்கு அடியில் கொஞ்சமாவது சொந்த அசைவு ஒளிந்திருக்க வேண்டும்.

இறுக்கத்தால் லாபம் உண்டா என்றும் ஒருமுறை யோசியுங்கள். எனக்குத் தெரிந்த ஒரு அம்மா மடங்கிய முழங்கையில் கைப்பையை மாட்டிக்கொண்டு கடைக்குப் போவார். சுருண்ட விரல்களுக்கு நடுவே ஊறுகாய் பாட்டிலைச் சொருகி, நல்ல கையால் மூடியைத் திருகுவார். "என் கொக்கியைக் கழற்றிவிடாதே" என்றார். கழற்றவில்லை.

ஊசி என்று முடிவானால், உடல் மருத்துவ மறுவாழ்வுத் துறை டாக்டரையோ நரம்பியல் டாக்டரையோ பாருங்கள். தமிழ்நாட்டில் சென்னை கே.கே. நகரிலுள்ள அரசு மறுவாழ்வு மருத்துவ நிலையம், வேலூர் சி.எம்.சி. போன்ற இடங்களில் இத்துறை தனியாகவே இருக்கிறது. மருந்தின் விலை அதிகம். ஆகவே காப்பீடு பொருந்துமா என்பதை ஊசி போடும் நாளுக்கு முன்பே எழுத்தில் கேட்டு வாங்குங்கள். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை எடுப்பவர், மயஸ்தீனியா போன்ற தசைச் சோர்வு நோய் உள்ளவர், விழுங்கச் சிரமப்படுபவர் அதைத் தவறாமல் சொல்ல வேண்டும். ஸ்கேன் கருவியோ மின்தூண்டலோ வைத்துத் தசையை அடையாளம் கண்டு போடுகிறார்களா என்று கேட்பதில் கூச்சம் வேண்டாம். முன்னங்கையில் தசைகள் அடுக்கடுக்காக இருக்கின்றன, விரல் பட்டால் தெரிந்துவிடாது. எந்தத் தசையில் எத்தனை யூனிட், எந்தக் கம்பெனி மருந்து என்று சீட்டில் எழுதித்தரச் சொல்லுங்கள். ஒரு கம்பெனியின் யூனிட்டும் இன்னொன்றின் யூனிட்டும் சமம் அல்ல. அடுத்த முறை வேறு ஊரில் போட நேர்ந்தால் அந்தச் சீட்டுதான் உதவும்.

அன்று மாலையே கை திறக்காது. மூன்று நாளிலிருந்து ஒரு வாரத்துக்குள் தளரத் தொடங்கும், இரண்டாவது வாரத்திலிருந்து ஆறாவது வாரம்வரை உச்சத்தில் இருக்கும், மூன்று மாதம் நெருங்கும்போது கரைந்துவிடும். ஊசி போட்ட இடத்தில் வலி, சில நாள் அசதி இருக்கலாம். விழுங்கவோ மூச்சுவிடவோ பேசவோ புதிதாகச் சிரமம் வந்தால் ஆஸ்பத்திரிக்கு உடனே போக வேண்டும். அது அரிது, ஆனால் காத்திருக்கும் விஷயமல்ல. கை, கால், முகம் திடீரென்று மேலும் கோணினாலோ பேச்சு குழறினாலோ அதை ஊசியின் கணக்கில் எழுதாதீர்கள். மறுபடி பக்கவாதமாக இருக்கலாம், 108-ஐ அழையுங்கள்.

தளர்ந்த அந்தச் சில வாரங்களில்

ஊசி போட்டுவிட்டு சாய்வு நாற்காலியில் உட்கார்ந்திருந்தால் மூன்று மாதம் கழித்துப் பழைய முஷ்டிதான் மிஞ்சும். முன்பு எட்டாத நீளத்துக்கு விரல்களை நீட்டிப் பழக்க, பட்டையைச் சரியான கோணத்தில் கட்ட, திறக்கும் தசைகளுக்கு வேலை கொடுக்க இதுவே நேரம். சொந்தமாக மணிக்கட்டை 20 பாகையும் விரல்களை 10 பாகையும் நிமிர்த்த முடிந்தவர்களுக்கு, நல்ல கைக்கு உறை மாட்டிவிட்டு பாதிக்கப்பட்ட கையையே வேலை வாங்கும் பயிற்சி பலன் தருகிறது. அவ்வளவு அசைவு இல்லாதவரிடம் அதைத் திணித்தால் அழுகைதான் வரும்.

அவர்களுக்குக் கண்ணாடிப் பயிற்சி இருக்கிறது. சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்த வி.எஸ். ராமச்சந்திரன், கை துண்டிக்கப்பட்டவர்களின் மாய வலிக்காக உருவாக்கிய உத்தி அது. பின்பு பக்கவாதக் கைக்கும் வந்தது. மேசையில் நடுவே கண்ணாடியை நிறுத்தி, பாதிக்கப்பட்ட கையைப் பின்னால் மறைத்து, நல்ல கையின் பிம்பத்தைப் பார்த்துக்கொண்டே அந்த நல்ல கையை மெதுவாக விரித்து மூட வேண்டும். தினம் 20 முதல் 30 நிமிடம். முதல் நாள் சிலருக்குச் சிரிப்பு வரும், சிலருக்குத் தலை சுற்றும். இரண்டும் பயப்பட வேண்டியவை அல்ல. தலை சுற்றினால் அன்றைக்கு நிறுத்திவிடுங்கள். வீட்டுக்கு வந்து பிசியோதெரபி தரும் வசதி மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் 2021 ஆகஸ்டிலிருந்து இருக்கிறது. உங்கள் பகுதி ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயரைப் பதியுங்கள்.

நரம்பைச் செயலிழக்கச் செய்யும் பீனால் ஊசி, தசைநாணை நீட்டும் அறுவை, தண்டுவடத்தைச் சுற்றியுள்ள நீரில் பேக்லோஃபெனைச் செலுத்தும் பம்ப் எல்லாம் உண்டு. 2018-இல் ஷாங்காய் டாக்டர்கள் நல்ல பக்கத்துக் கழுத்து நரம்பு ஒன்றை எடுத்து மறுபக்கக் கைக்கு இணைத்த 36 பேர் ஆய்வும் பேசப்பட்டது. இவை புதிதாகத் தொடங்குகிறவர் முதல் மாதத்தில் கவலைப்பட வேண்டியவை அல்ல.

ஒரு காலண்டர் தாளை மட்டும் சுவரில் ஒட்டிவையுங்கள். ஊசி போட்ட தேதியை வட்டமிடுங்கள். தினமும் இரண்டே குறிப்பு: உள்ளங்கையைக் கழுவ எத்தனை நிமிடம் ஆனது, சட்டை மாட்டும்போது வலித்ததா. ஐந்து நிமிடமாகக் குறைந்திருந்த வேலை மறுபடி பத்து நிமிடமாகும் வாரத்தைக் குறித்து, அந்தத் தாளையே கழற்றி டாக்டரிடம் கொண்டுபோங்கள். 12 வாரத்துக்கு முன் அடுத்த ஊசி போடமாட்டார்கள். அது தேவையா, எந்தத் தசைக்கு, எவ்வளவு என்பதை அவர் அந்தத் தாளைப் பார்த்துத்தான் முடிவு செய்வார்.